மடிப்பில்லாத கட்டு

சென்ற வாரம் என்னைப் பார்க்க வந்த நடராஜன் சட்டைப் பையிலிருந்து ஒரு துணிச் சுருளை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இப்போது புண்ணுக்கு மருந்திட்டுக் கட்டுப் போடும் டிரெசராக இருப்பவர் அவர். துணி பழுப்பு நிறம். இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கிப் பழைய அளவுக்கு வந்தது.

"சீமையிலேர்ந்து வந்திருக்கு அண்ணே. இனிமே மடிப்பு கிடிப்பு ஒண்ணும் வேணாம். கால்ல வச்சுச் சுத்துனா தானா ஒட்டிக்குது. நீங்கல்லாம் மாசக்கணக்கா கத்துக்கிட்டது எங்களுக்கு ஒரு மத்தியான வேலைலா," என்றார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த நேரம் என் மகள் சரோஜா காப்பி கொண்டுவந்து வைத்தாள். டம்ளரை விட்டு அவள் விரல்கள் விலகும்போது நான் அவளுடைய இடது கை நகங்களைப் பார்த்தேன். எப்போதும் பார்ப்பேன். பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கும் வயதாகிவிட்டது, இன்னும் பார்க்கிறேன். அவள் கையைச் சட்டென்று பின்னால் மறைத்துக்கொண்டு, "அப்பா!" என்றாள்.

"என்னண்ணே?" என்றார் நடராஜன், ஒன்றும் புரியாமல்.

அவருக்கு அன்று சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். புதுத் துணியைக் குறை சொல்வதற்காக அல்ல. நல்ல துணிதான். அதற்கு முன் இருந்த துணியோடு என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. அந்தத் துணி எனக்கு ஒரு நாள் ஒரு செய்தி சொன்னது.

என் தகப்பனார் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வேலை பார்த்தவர். என்னை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் போட்டார். கணக்கில் எனக்குப் பிடித்தது வடிவக் கணிதம் ஒன்றுதான். படிப்பை முடித்ததும் கிள்ளானில் டிரெசர் பயிற்சிக்குச் சேர்ந்தேன். புண் கழுவுவது, மருந்து கலக்குவது, மலேரியாக் காய்ச்சல்காரர்களுக்குக் கொய்னா கொடுத்து அவர்கள் அதை விழுங்குகிறார்களா என்று வாயைத் திறந்து பார்ப்பது, இவையெல்லாம் சீக்கிரம் வந்துவிட்டன. கட்டுப் போடுவது மட்டும் வரவில்லை. பயிற்சி முடிந்து கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அங்கே தலைமை டிரெசர் சவரிமுத்து ஐயா.

குள்ளமான மனிதர். கட்டுப் போடுவதற்கு முன் சட்டைக் கையை மடித்துவிட்டு நோயாளியின் காலையோ கையையோ கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பார். தையற்காரர் அளவு எடுப்பதற்கு முன் பார்ப்பதுபோல இருக்கும். சுருளைக் கையில் எடுத்துவிட்டால் ஒரு வார்த்தை பேசமாட்டார். யார் என்ன கேட்டாலும் பதில் வராது. முடித்தபின் தன் சுண்டு விரலைக் கட்டின் இரு முனைகளிலும் நுழைத்துப் பார்ப்பார். பிறகு நோயாளியின் நகத்தை அழுத்தி விட்டு, வெளுத்த இடத்தில் ரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்ப்பார். அது வந்தபிறகுதான் அவருக்குப் பேச்சு வரும். அந்தப் பேச்சு பெரும்பாலும் எங்களைத் திட்டுவதாக இருக்கும்.

நான் போட்ட முதல் கட்டைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது என்ன, பாசார்ல மீன் கட்டுன பொட்டலமா? கால் எந்தப் பக்கம்னு நோயாளிக்காவது தெரியுமா, கேளு," என்றார்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் பெரிய டாக்டர் சுற்றி வரும்போது ஒவ்வொரு கட்டையும் பார்ப்பார். மடிப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக நேர் கோட்டில், மீன்முள் மாதிரி ஏறிப் போயிருந்தால் அதைப் போட்ட டிரெசரின் பெயரைக் கேட்பார். அந்தக் கேள்வி ஒன்றுக்காக நாங்கள் ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டோம்.

மடிப்பு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அப்போதைய கட்டுத்துணி வெறும் காடாத்துணி நாடா. இழுபடாது. மணிக்கட்டில் தொடங்கி முழங்கை நோக்கிச் சுற்றிக்கொண்டே போனால், இரண்டாம் சுற்றிலேயே தகராறு வரும். கை மேலே போகப் போகப் பருக்கிறது. நாடாவின் மேல் ஓரம் பருத்த இடத்தைச் சுற்றவேண்டும், கீழ் ஓரம் சிறுத்த இடத்தை. இரண்டு ஓரமும் ஒரே நீளம். ஆகவே மேல் ஓரம் இறுகும், கீழ் ஓரம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். இதைச் சரிசெய்யத்தான் மடிப்பு. இடது கட்டைவிரலால் கீழ் ஓரத்தை அழுத்திப் பிடித்து, இழுப்பைத் தளர்த்தி, வலது கையிலுள்ள சுருளைத் தன் பக்கமாகக் கவிழ்க்க வேண்டும். மேல் ஓரம் கீழே வந்துவிடும். பிளந்த வாய் மூடிக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மடிப்பு, அதுவும் புண்ணின் மேலோ எலும்பு துருத்தும் இடத்திலோ விழாமல்.

கை பழகிவிட்டது. ஆனால் ஏன் இப்படி என்பது எனக்கு விளங்கியது கச்சாங்பூத்தேக் கடலை தின்றபோது. ரயில்வே கேட் பக்கத்தில் தலையில் தட்டு வைத்துக்கொண்டு கடலை விற்பவரிடம் ஒரு பொட்டலம் வாங்கி, தின்று முடித்தபின் அந்தத் தாள் கூம்பு கையில் இருந்தது. பையில் கட்டுத்துணி ஓரத்திலிருந்து கிழித்த நாடா ஒன்று கிடந்தது. கூம்பைக் கூர்முனை கீழே இருக்கும்படி பிடித்து, முனைக்குச் சற்று மேலே நாடாவைச் சமமாக வைத்து, இழுக்காமல், அது போகிற வழிக்கே விட்டுச் சுற்றினேன். ஒரு சுற்று முடிவதற்குள் நாடா நிமிர்ந்து, அகன்ற வாயை நோக்கி ஓடிவிட்டது. பிடித்து இழுத்து அடுத்த சுற்றையும் நெருக்கமாக வைக்கப் பார்த்தால், ஒரு ஓரம் தாளை அறுத்தது, மறு ஓரம் தொளதொளத்தது.

நாடா ஓடிய வழியைப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு கூம்பைப் பிரித்து விரித்தேன். கோடு நேராக இருந்தது. ரூல் தடி வைத்துப் போட்ட மாதிரி. கூம்பில் வளைந்து ஏறியதாக என் கண்ணுக்குப் பட்ட வழி, நாடாவைப் பொறுத்தவரை நேர் வழி. தட்டையான நாடாவுக்கு நேராகப் போகத்தான் தெரியும். வளைவது நம் கைகால்கள். பாட்டிலைச் சுற்றினால் நாடாவுக்கும் நமக்கும் சண்டையே இல்லை, அது சீராக ஏறிக்கொண்டே போகும். கூம்பில் சண்டை வரும், மடிப்பால் சமாதானம் செய்யலாம். முழங்கால், குதிகால், தலை போன்ற உருண்டை இடங்கள் இன்னும் மோசம். பம்ளிமாஸ் தோலை மேசையில் வைத்துத் தட்டையாக்கிப் பாருங்கள், கிழிந்துதான் படியும். அதனால்தான் அங்கெல்லாம் எட்டுப் போல மாறி மாறிக் குறுக்கே கட்டுகிறோம். தைப்பூசத்துக்கு மறுநாள் பத்துமலைப் படியில் கால் பிசகியவர்கள் வரிசையாக வந்து உட்காரும்போது, ஒவ்வொரு குதிகாலையும் பார்த்து மனத்துக்குள் இந்தக் கணக்கை ஓட்டிக்கொண்டே கட்டுவேன். அந்த வேலையில் எனக்கு இருந்த சந்தோஷத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

கூம்பையும் நாடாவையும் சவரிமுத்து ஐயாவிடம் காட்டினேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கடலை எங்கடா?"

"சாப்பிட்டுட்டேங்க."

"அடுத்த தடவ கணக்க நீ வச்சுக்க, கடலைய எனக்குக் குடு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இனி நான் எழுத வேண்டியது எளிதாக வராது. எழுதும்போதே எழுந்துபோய்ச் சமையலறையில் சரோஜா என்ன செய்கிறாள் என்று பார்த்துவிட்டு வந்தேன். தோசைக்கு அரைத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு கையாலும்தான்.

அவள் நான்காம் வகுப்புப் படிக்கும்போது பள்ளி விடுமுறைக்கு என் மனைவி செல்லம் அவளை அழைத்துக்கொண்டு செமினிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். ஒரு நாள் விடிந்ததும் பிள்ளை ரம்புத்தான் மரத்தில் ஏறி விழுந்து இடது முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன. தோட்டத்து டிரெசர் இளைஞர். உடனே எலும்பை நேராக்கி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை துணி சுற்றி, அதன்மேல் இரண்டு பலகைச் சிம்பு வைத்து நாடாவால் கட்டிவிட்டு, லோரியில் ஏற்றி அனுப்பிவிட்டார். என் மைத்துனர் பின்னால் திறந்த லோரியில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, வெயிலில் கோலாலம்பூர் வரை வந்தார்.

நான் கட்டுப் போடும் அறையில் இருந்தேன். செல்லம் முதலில் உள்ளே வந்தாள்.

"பயப்படாதீங்க. கைதான். நல்லா கட்டிவிட்டிருக்காங்க. வழியெல்லாம் அழுதுகிட்டே வந்தா, காஜாங் தாண்டினதும் அழுகை நின்னுருச்சு. வலி விட்டுருச்சு போல."

பிள்ளையை மேசையில் உட்காரவைத்தோம். அவள் பேசவில்லை. என்னைப் பார்த்தும் பேசவில்லை. காலில் வந்த கட்டிக்கு மருந்து போட உட்கார்ந்திருந்த ஜவுளிக்கடை பாய் ஒருவர் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ்! நாள் பூரா துணி சுத்துறவன் நான், எனக்கே இப்படி வராது தம்பி," என்றார். உண்மைதான். சிம்புகளுக்கு நடுவே தெரிந்த துணி சுவரில் சுண்ணாம்பு அடித்ததுபோல வழவழவென்று இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை. ஒரு பிளவு இல்லை.

விரல் நுனிகள் வெளியே தெரிந்தன. தொட்டேன். குளிர்ந்திருந்தன. உள்நோக்கி மடங்கியிருந்த ஆள்காட்டி விரலை நிமிர்த்தப் பார்த்தேன். பிள்ளையின் உடம்பு முழுவதும் துடித்தது, குரல் மட்டும் வரவில்லை. நகத்தை அழுத்தினேன். அழுத்தாத நகமே வெளுத்துத்தான் இருந்தது. ரத்தம் ஓடாமல் கொஞ்ச நேரம் போனால் அந்தக் கை என்னவாகும் என்று எனக்குத் தெரியும். பருந்துக் கால் மாதிரி மடங்கிப்போன கைகளை வார்டில் பார்த்திருக்கிறேன். அவை திரும்ப நிமிர்வதில்லை.

சவரிமுத்து ஐயா வந்தார். வழக்கம்போல நின்று பார்த்தார்.

"நல்ல கை வேலை. எலும்பு நேரா நிக்குது. வீக்கத்துல விரல் மரத்திருக்கும். டாக்டர் கிள்ளானுக்குப் போயிருக்காரு. சாயங்காலம் வந்துருவாரு. வந்து பாக்கட்டும்."

எலும்பு முறிவுக்குப் போட்ட கட்டை டாக்டர் உத்தரவு இல்லாமல் எந்த டிரெசரும் பிரிக்கக்கூடாது என்பது எங்களுக்கு இருந்த விதிகளில் மிகக் கடுமையானது. அவசரப்பட்டுப் பிரித்து எலும்பு விலகி, கை கோணலாகிப்போன கதைகள் உண்டு. அந்த விதியை எங்களுக்குத் தினமும் சொன்னவரே சவரிமுத்து ஐயாதான். மேலும் இது என் சொந்தப் பிள்ளை. என் பேச்சைத் தகப்பன் பேச்சாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

நான் அழுதால் வெளியே போகச் சொல்லிவிடுவார் என்று தெரிந்ததால், தெரிந்த ஒரே விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயா, இதுல மடிப்பு இல்ல."

"தெரியுது."

"மடிப்பு இல்லாம இந்தக் கையில துணி படியாதுங்க. மணிக்கட்டுல இவ்வளவுதான், முழங்கைக்குக் கீழ பாருங்க எவ்வளவு பருமன். கூம்புங்க இது. கீழ் ஓரம் பிளந்து நிக்கணும். நிக்கல. இழுபடாத துணி எப்படிங்க இப்படி ஒட்டிக்கிட்டு இருக்கும்?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் மறுபடி பார்த்தார். முதல் தடவை பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தார்.

"உன் கடலைத்தாளு சொல்லுதா?"

"ஆமாங்க."

குனிந்து கட்டை மோந்து பார்த்தார். நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினார். வெள்ளையாகத் தூள் உதிர்ந்தது.

"கஞ்சி," என்றார்.

அவ்வளவுதான். எங்கள் இருவருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. தோட்டத்து டிரெசர் துணியைச் சோற்றுக் கஞ்சியில் நனைத்துச் சுற்றியிருக்கிறார். ஈரத்தில் பிளந்த ஓரத்தையும் கையால் தடவி ஒட்டவைத்துவிடலாம். பார்க்க அழகாக இருக்கும், காய்ந்தால் பலகைபோல விறைப்பாக நிற்கும். ஆனால் புதுக் காடாத்துணி நனைந்து காய்ந்தால் சுருங்கும். லோரியில், வெயிலில், காற்றில், அது வழியெல்லாம் காய்ந்துகொண்டே வந்திருக்கிறது. உள்ளே கை வீங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

சவரிமுத்து ஐயா சட்டைக் கையை மடித்துவிட்டார். அப்போதும் அவசரப்படவில்லை.

"செல்லம்மா, நீ வெளிய போயி நில்லும்மா. டேய், நீ போகாத. மணிக்கட்டையும் முழங்கையையும் இழுத்துப் பிடி. அவ கத்துவா. அதுக்காக விட்டுடாத. விட்டா எலும்பு போயிரும், எலும்பு போனா என் வேலை போயிரும்."

சிம்புகளின் நாடாவைத் தளர்த்தி எடுத்தார். முனை மழுங்கிய கத்தரிக்கோலை உள்ளங்கைப் பக்கம் நுழைத்து, அட்டை வெட்டுகிற சத்தத்தோடு மேல்நோக்கி வெட்டிக்கொண்டே போனார். பேசவில்லை. முழங்கை வரை வெட்டி இரண்டு பக்கமும் விரித்தபோது, கட்டு நெற்று வெடித்ததுபோல விறைப்பாகவே இரண்டாகத் திறந்தது.

பிள்ளையின் தோலில் ஒரு கோடு, கயிறு அழுத்தியதுபோல, மணிக்கட்டிலிருந்து சுற்றிச் சுற்றி மேலே ஏறிப் போயிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் நாடாவின் மேல் ஓரம் இருந்த இடத்தில் மட்டும். கீழ் ஓரம் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. நான் தாளில் பார்த்த கணக்கு என் மகளின் கையில் சிவப்பாக எழுதியிருந்தது. இன்றைக்கும் கண்ணை மூடினால் முதலில் வருவது அந்தக் கோடுதான்.

ஒன்றும் நடக்கவில்லை. விரல்கள் வெளுத்தே இருந்தன. நான் பிடித்த பிடியை விடாமல் நின்றேன். ஐயாவும் நின்றார். பாய் பெஞ்சில் உட்கார்ந்தபடி ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

பிறகு சரோஜா அலறினாள். அப்படி ஒரு அலறலை நான் அந்த அறையில் கேட்டதில்லை. வெளியிலிருந்து செல்லம் கதவைத் தட்டினாள்.

"கத்தட்டும்," என்றார் சவரிமுத்து ஐயா. "கத்துனாத்தான் உயிர் வருதுன்னு அர்த்தம். கத்து கண்ணு, நல்லா கத்து. ஒங்கப்பன் காதுல கத்து."

கட்டைவிரல் நகம் முதலில் சிவந்தது. மற்றவை ஒவ்வொன்றாக. சுண்டு விரல்தான் எங்களை நெடுநேரம் காக்கவைத்தது.

அதன்பின் அவரே மெத்தென்று பஞ்சு வைத்து, சிம்பைத் தளர்வாக வைத்து, கையை உயர்த்தித் தலையணையில் கிடத்தினார். சாயங்காலம் டாக்டர் வந்ததும், நான் வாயைத் திறக்குமுன், "நான்தான் வெட்டினேன்," என்று சொல்லிவிட்டார். டாக்டர் எலும்பைத் தடவிப் பார்த்தார். நகங்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. "காலையில் என் அறைக்கு வா. எப்படித் தெரிந்தது என்று சொல்," என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை சவரிமுத்து ஐயா என்னைக் கடலை வாங்கிவரச் சொன்னார். ஒரு பொட்டலம் கடலையும் ஒரு முழம் நாடாவுமாக இருவரும் டாக்டர் அறைக்குள் போனோம். கடலையை மேசையில் ஒரு தாளில் கொட்டிவிட்டு, நான் கூம்பில் நாடா சுற்றிக் காட்டினேன். பிரித்து நேர்கோட்டைக் காட்டினேன். டாக்டர் தானே ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். விதியை மீறியதற்காக ஐயாவுக்கு நல்ல திட்டு விழுந்தது. அது முடிந்ததும், இனிமேல் விரல் குளிர்ந்திருந்தால் யாருக்கும் காத்திருக்க வேண்டாம் என்று உத்தரவும் வந்தது. திட்டும்போதும் உத்தரவு போடும்போதும் அவர் கடலையை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் ஐயா, "பாத்தியாடா, இப்பவும் கடலை எனக்குக் கிடைக்கல," என்றார்.

தோட்டத்து டிரெசர் செய்தி கேள்விப்பட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவரை மனத்துக்குள் எத்தனையோ தடவை அடித்திருந்தேன். நேரில் பார்த்தால் மீசைகூடச் சரியாக முளைக்காதவர். ஒரு பெரியவரின் பழைய முறிவுக்குக் கஞ்சிக் கட்டுப் போட்டு நன்றாக வந்ததாம். தோட்டத்தில் எல்லோரும் அழகென்று புகழ்ந்தார்களாம். வீக்கம் வடிந்த கைக்குச் சரி. அன்றுதான் முறிந்த கைக்கு அல்ல. இதை அவரிடம் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் சரோஜா, "அண்ணே, நீங்க கட்டினது ரொம்ப அழகா இருந்துச்சு, வெட்டிட்டாங்க," என்றாள். அவர் அழுதுவிட்டார். நான் வாழைப்பழத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.

விரல்கள் பழையபடி மடங்கி நிமிர மாதங்கள் ஆயின. செல்லம் தினமும் அவள் கையில் சப்பாத்தி மாவு உருண்டையைக் கொடுத்துப் பிசையச் சொல்வாள். கோடுகள் மறைந்தன. முழங்கைக்குக் கீழே ஒன்று மட்டும் வெயிலில் பார்த்தால் மெல்லியதாகத் தெரியும். ரப்பர் விலை விழுந்த காலத்தில் அரசாங்கம் ஆட்களைக் குறைத்தபோது என்னையும் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பினார்கள். சிறு பென்ஷன். சிக்கனமாக இருந்தால் போதும். குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. நகம் பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த நடராஜன் தன் இழுவைத் துணியைப் பார்த்தார்.

"அப்ப இது கெடுதலாண்ணே?"

"இல்லை தம்பி. ஆனா பழைய துணி எதிர்த்துப் பேசும். படியாத இடத்துல படியமாட்டேன்னு வாயைப் பிளந்து சொல்லும். அன்னைக்கு அது பேசியிருக்கணும், பேசல, அதுலதான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு. இது எங்க சுத்துனாலும் சரி சரின்னு படிஞ்சுரும். இறுகுதுன்னு இது சொல்லாது. நீங்கதான் கேட்கணும்."

"எங்க, மடிப்புப் போட்டுக் காட்டுங்கண்ணே," என்றார்.

பெட்டியிலிருந்து காடாச் சுருள் ஒன்றை எடுத்தேன். நடராஜன் தன் கையை நீட்டுமுன் சரோஜா மோடாவை இழுத்துப்போட்டு என் எதிரே உட்கார்ந்து இடது கையை நீட்டினாள். அந்த நாளுக்குப் பிறகு அந்தக் கையில் நான் ஒன்றும் கட்டியதில்லை. தைப்பூசக் காப்புக் கயிறுகூடச் செல்லம்தான் கட்டுவாள்.

"சுத்துங்கப்பா," என்றாள்.

சுற்றினேன். மணிக்கட்டில் இரண்டு சுற்று நேராக. பிறகு கட்டைவிரல் அழுத்தி, தளர்த்தி, கவிழ்த்து, ஒரு மடிப்பு. கை மறக்கவில்லை. நானும் பேசவில்லை. மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் போயின. முழங்கைக்குக் கீழே அந்த மெல்லிய கோட்டைத் துணி மூடியபோது மட்டும் கொஞ்சம் நின்றேன். அதே நேரம் நடராஜன் அவளுடைய வலது கையில் புதுத் துணியைச் சுற்றி முடித்திருந்தார்.

நான் சுண்டு விரலை நுழைத்துப் பார்ப்பதற்குள் சரோஜா இரண்டு கட்டைவிரல் நகங்களையும் ஆள்காட்டி விரலால் அழுத்தி விட்டு, இரண்டு கைகளையும் என் மூக்குக்கு நேரே நீட்டினாள். இரண்டு நகங்களும் வெளுத்து, ஒன்றாகவே சிவந்தன.

"ரெண்டும் வந்துருச்சுப்பா. பாத்துட்டீங்கல்ல? இப்ப காப்பியக் குடிங்க, ஆறியே போச்சு."

குடித்தேன்.